ஒரு பாட்டு, பல பதிவுகள்: கவர், ரீமிக்ஸ், மேஷப் கேட்கத் தொடங்குவோருக்கு

சீசன் மாதங்களில் கொடைக்கானல் குணா குகைப் பக்கம் சிறிது நேரம் நின்றாலே ‘கண்மணி அன்போடு காதலன்’ என்ற பாட்டு பல வடிவங்களில் காதில் விழும். சுற்றுலா வேன் ஒன்றின் ஸ்பீக்கரில் 1991-இல் வெளிவந்த ‘குணா’ படத்தின் மூலப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். வேர்கள் புடைத்து நிற்கும் மரங்களுக்கு இடையே ரீல்ஸ் எடுப்பவரின் கைபேசியில், அதே பதிவு வேகம் குறைந்து எதிரொலி கூடி இழுவையாக ஒலிக்கும். கிட்டாரோடு வந்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்கு எட்டும் சுருதியில் அதைப் பாடுவார்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் இன்னொரு வண்டி அதே பல்லவிக்கு டிரம்ஸ் அடித்துக்கொண்டு கிளம்பும். கேட்பவர்களுக்கு நான்கும் ‘குணா பாட்டு’தான். உண்மையில் இவை ஒன்றுக்கொன்று வேறான வேலைகள்: இவற்றைச் செய்வதற்கான உழைப்பு வேறு, இவற்றின் மீதான உரிமை வேறு, இவற்றைக் கேட்க வேண்டிய விதமும் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு, புதிய வடிவம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரிவதோடு, மூலப் பாட்டில் இதுவரை கவனிக்காமல் விட்டதும் கேட்கத் தொடங்கும். என் அனுபவத்தில் இரண்டாவது பயன்தான் பெரியது.

முதலில் ஒரே ஒரு அடிப்படையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் பாட்டு என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மெட்டும் வரியும் சேர்ந்த ஆக்கம். அதைத் தாளில் சுரப்படுத்தி எழுதி வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம். மற்றொன்று, அந்த ஆக்கத்தைக் குறிப்பிட்ட சிலர் குறிப்பிட்ட ஒரு நாளில் பாடியும் வாசித்தும் பதிவு செய்த ஒலி. ‘கண்மணி அன்போடு’ பாட்டின் மெட்டு இளையராஜாவுடையது, வரிகள் வாலியுடையவை, இது ஆக்கம். கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடி, வயலின்கள் பின்னால் எழும்பி வரும் அந்த ஒலி பதிவு. ஆக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொருவர் தம் குரலில் புதிதாகப் பதிவு செய்தால் அது கவர். பழைய பதிவையே எடுத்து, வெட்டி, நீட்டி, மேலே புதிய ஒலிகளை ஏற்றினால் அது ரீமிக்ஸ். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாட்டுகளின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் அது மேஷப். 2024-இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் இந்தப் பாட்டு ஒலிக்கும்போது நடப்பது இம்மூன்றும் அல்ல. 1991-ஆம் ஆண்டுப் பதிவே அங்கே இன்னொரு கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டு மாறாமல் சூழல் மட்டும் மாறியபோதே, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் காதல் கடிதமாக இருந்தது நண்பனை மீட்கும் பாட்டாகிவிட்டது.

இந்த வகைகளுக்குள் அடங்காத பழக்கம் ஒன்று நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுக்களோடு கொஞ்ச தூரம் நடந்தவர்கள், பிரபலமான திரைப்பாடலின் மெட்டில் முருகன் பெயரை ஏற்றிப் பாடுவதைக் கேட்டிருப்பார்கள். மெட்டு அப்படியே இருக்கும், சொல் புதிதாகிவிடும். இதற்கு நேர் எதிரானதும் திரையில் நடந்திருக்கிறது. ‘படகோட்டி’யில் (1964) விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த ‘தொட்டால் பூ மலரும்’ பாடலுக்கு வாலி எழுதிய வரிகளை எடுத்துக்கொண்டு, ‘நியூ’ படத்தில் (2004) ஏ.ஆர். ரஹ்மான் வேறு மெட்டுப் போட்டார். அங்கே சொல் நின்றது, மெட்டு மாறியது. இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது தொடக்கநிலைக் கேட்பவருக்கு மிக நல்ல பாடம். மெட்டு என்பது எது, வரி என்பது எது என்று யாரும் விளக்காமலே காது பிரித்துக்கொள்ளும்.

இசையமைப்பாளர் தம் மெட்டையே வேறு மொழிக்குக் கொண்டுபோவதும் உண்டு. இளையராஜா இசையமைத்த ‘ஓளங்கள்’ என்ற மலையாளப் படத்தின் (1982) ‘தும்பி வா’, தமிழில் ‘ஆட்டோ ராஜா’வில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’ ஆனது. பல ஆண்டுகளுக்குப் பின் ‘பா’ என்ற இந்திப் படத்திலும் (2009) அதே மெட்டு வந்தது. நீலகிரியில், கேத்தி ரயில் நிலையத்தில் முடியும் ‘மூன்றாம் பிறை’யின் (1982) ‘கண்ணே கலைமானே’, அப்படத்தின் இந்தி வடிவமான ‘சத்மா’வில் (1983) அதே கே.ஜே. யேசுதாஸ் குரலில் வேறு சொற்களோடு ஒலித்தது. ஆக்கியவரே செய்வதால் இவற்றைக் கவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் கேட்கும் முறை ஒன்றுதான்.

இனி கவருக்கு வருவோம். இசை கற்காதவரும் உடனே நுழையக்கூடிய வாசல் இது என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்பதில் தவறில்லை. கவர் பாடுபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு சுருதி. நம் ஊரில் இதைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள்; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய பாட்டை ஒருவர் தனியாகப் பாடும்போது ஏதேனும் ஒரு பகுதி அவருக்கு மிக மேலே போய்விடும் அல்லது மிகக் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சுருதியையே மாற்றிக்கொள்கிறாரா, அந்த வரியை மட்டும் ஒரு ஸ்தாயி (கீழ் ஸ முதல் மேல் ஸ வரையிலான தூரம்) இறக்கிப் பாடுகிறாரா, அல்லது அந்த வரியை வாத்தியத்திடம் விட்டுவிடுகிறாரா? நல்ல கவருக்கும் சாதாரணக் கவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இத்தகைய இக்கட்டான ஓரிரு இடங்களில்தான் தெரியும்.

‘கண்மணி அன்போடு’ பாட்டில் இதைவிடச் சுவையான இக்கட்டு ஒன்று இருக்கிறது. அது முழுக்கப் பாட்டு அல்ல; குணா சொல்லச் சொல்ல அபிராமி எழுதுகிறாள், அவன் பேச்சாகச் சொன்னதை அவள் மெட்டில் திருப்பிச் சொல்கிறாள். பேச்சும் பாட்டும் மாறி மாறி வருவதுதான் அதன் உடல். மேடையிலோ கைபேசி முன்னாலோ தனியாகப் பாடுபவர் அந்தப் பேச்சை என்ன செய்வது? கமல்ஹாசனைப் போலவே பேசிக்காட்டினால் அது மிமிக்ரியாகிவிடும் அபாயம் உண்டு. பேச்சை அடியோடு விட்டுவிட்டால் பாட்டு சட்டென்று வழக்கமான காதல் பாட்டாகச் சுருங்கிவிடுகிறது. பேச்சு வரும் இடங்களைப் புல்லாங்குழலுக்கோ வயலினுக்கோ கொடுத்துவிட்டால், சொல்லத் தெரியாதவன் தடுமாறும் இடத்தில் ஒரு மௌனம் கிடைக்கும். என் காதுக்கு இந்த மூன்றாவது வழியே பிடித்திருக்கிறது. உங்களுக்கு வேறு வழி பிடிக்கலாம். மூலத்தைக் கேட்டுவிட்டு, பேச்சு வரும் முதல் இடத்தை மட்டும் நான்கைந்து கவர்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப் பாட்டையும் ஐந்து முறை கேட்பதைவிட இது அதிகம் சொல்லித்தரும்.

அடுத்து வாத்தியம். திரைப்படப் பதிவில் பத்துப் பன்னிரண்டு வயலின்களும் தபேலாவும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து செய்ததை, கவரில் ஒற்றைக் கிட்டாரோ கீபோர்டோ செய்ய வேண்டியிருக்கும். ‘அன்பிளக்ட்’ என்று பெயரிட்டு வருபவை பெரும்பாலும் இவைதான். இங்கே ஏதோ குறைந்துவிட்டதாகத் தோன்றும்போது, எது குறைந்தது என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். இளையராஜா பாட்டுகளில் பல நேரங்களில் குறைவது இடையிசையாக இருக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருவதை நாம் நிரப்பும் இசை என்று எண்ணிக் கடந்து போயிருப்போம். கவரில் அது இல்லாதபோதுதான், சரணத்தின் முதல் சொல் அவ்வளவு இயல்பாக வந்து விழுந்ததற்கு அந்த இடையிசை போட்ட பாதையே காரணம் என்று புரியும்.

மூலத்தை அச்சுப் பிசகாமல் திரும்பப் பாடும் கவர்கள் எனக்கு அலுப்பூட்டுகின்றன. பாடுபவரின் திறமையை அவை காட்டலாம். கேட்பவருக்கு மூலமே போதுமே. மறுபுறம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பல்லவியை மட்டும் அடையாளத்துக்கு வைத்திருப்பவையும் நிற்பதில்லை. உலக அளவில் கவரின் வலிமைக்கு அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. டாலி பார்ட்டன் 1974-இல் எழுதிப் பாடி வெளியிட்ட அந்த அமைதியான விடைபெறும் பாட்டை, விட்னி ஹூஸ்டன் 1992-இல் வாத்தியமே இல்லாத தனிக்குரலில் தொடங்கினார். மெட்டும் வரியும் மாறவில்லை. தொடக்கத்தில் இருந்த வாத்தியங்களை எடுத்துவிட்ட அந்த ஒரு முடிவிலேயே பாட்டு வேறாகிவிட்டது.

தமிழில் கவர் அலையாக எழுந்ததை நேரில் காட்டிய பாட்டு 2011-இன் ‘ஒய் திஸ் கொலவெறி டி’. குழந்தை பாடியது முதல் கல்லூரி விழாக் குழுக்கள் பாடியது வரை அதற்கு வந்த வடிவங்களை எண்ணி முடிக்க இயலாது. எளிய மெட்டு, பேச்சை ஒட்டிய வரி, யாருடைய குரலுக்கும் எட்டும் வீச்சு என்று கவருக்கு ஏற்ற பாட்டின் குணங்கள் எல்லாம் அதில் இருந்தன.

ரீமிக்ஸின் பிறப்பு நடன அரங்கோடு தொடர்புடையது. 1960-களின் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாடகரின் குரலை நீக்கி இசையை மட்டும் வைத்து வெளியிடும் வழக்கம் தோன்றியது. கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர் அதை மேலும் எடுத்துச் சென்று, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்து, குரலின் துண்டுகளை எதிரொலியோடு அங்கங்கே மிதக்கவிட்டார். பதிவு என்பது முடிந்த பொருள் அல்ல, மேலும் வேலை செய்யத்தக்க மூலப்பொருள் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 1970-களில் நியூயார்க்கில் டாம் மோல்டன் போன்றவர்கள் மூன்று நிமிடப் பாட்டை நடனத்துக்காக ஆறேழு நிமிடமாக நீட்டத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் களத்தை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதே அதற்கான எளிய காரணம்.

தமிழ்த் திரையில் ரீமிக்ஸ் என்ற பெயரோடு பாட்டுகள் வரத் தொடங்கியது 2000-களில். ‘அடுத்த வாரிசு’ (1983) படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘ஆசை நூறு வகை’யை, அவர் மகன் யுவன் சங்கர் ராஜா ‘குறும்பு’ (2003) படத்தில் எடுத்தாண்டார். ‘மிஸ்டர் பாரத்’தின் (1986) ‘என்னம்மா கண்ணு’, ‘திருவிளையாடல் ஆரம்ப’த்தில் (2006) டி. இமான் கையில் திரும்பி வந்தது. ‘சொர்க்கம்’ (1970) படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘பொன்மகள் வந்தாள்’, ரஹ்மானின் கையில் ராப் சேர்ந்து ‘அழகிய தமிழ் மகன்’ (2007) படத்தில் ஒலித்தது. அதே ஆண்டில் பழைய ‘பில்லா’வின் ‘மை நேம் இஸ் பில்லா’ புதிய ‘பில்லா’வுக்குள் நுழைந்தது. சற்றுக் கறாராகப் பார்த்தால், இத்தகைய திரைப் பாடல்களில் பெரும்பாலானவை பழைய பதிவை வெட்டி ஒட்டியவை அல்ல. புதிய குரலில் புதிதாகப் பதிவு செய்து, தாளத்தைக் கனமாக்கி, நடுவே ராப் வைத்தவை. அதாவது, நடனத்துக்காகச் செய்த கவர்கள். இவற்றில் எனக்குள்ள குறை முன்பு சொன்னதுதான்: பல்லவியை வைத்துக்கொண்டு, இடையிசையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டில் குரலுக்கு இணையாக வாத்தியங்கள் போடும் ஆட்டத்தைக் கேட்ட பிறகு அதன் புதிய வடிவத்துக்கு வருபவர்களுக்கு இந்த இழப்பு நன்றாகத் தெரியும். தாளத்தின் அடி மட்டும் போதும் என்று வருபவர்களுக்குப் புதியது பிடிக்கும். அதில் ஒன்றும் பிழையில்லை.

ரீமிக்ஸைக் கேட்கும்போது வேகத்தை அளந்து பார்ப்பது நல்ல பயிற்சி. விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பாட்டுக்குக் கால் தானாகத் தட்டுவதை 15 விநாடிகளுக்கு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 20 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 80. இதைத்தான் டிஜேக்கள் பிபிஎம் என்கிறார்கள். நடன அரங்கு ரீமிக்ஸ்கள் பெரும்பாலும் 120-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 80-இல் ஓடிய மெல்லிசையை 120-க்கு ஏற்றும்போது நெடில் எழுத்துகள் குறுகி, சுரத்தை அசைத்துப் பாடும் கமகங்கள் நசுங்கிப் போவதைக் கேட்கலாம். தேர்ந்தவர்கள் குரலைப் பழைய வேகத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டு, அதன் கீழே தாளத்தை மட்டும் இரட்டிப்பு வேகத்தில் ஓடவிடுவார்கள். குரல் நிதானமாக இருக்கும், கால் மட்டும் ஆடும்.

குணா குகைக்கு முன் ரீல்ஸில் கேட்கும் அந்த இழுவை வடிவத்துக்கு ‘ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்’ என்று பெயர். பழைய கேசட்டின் வேகத்தைக் குறைத்தால் குரலும் சேர்ந்து கனத்துப் போகுமல்லவா, அதே இயற்பியல்தான். வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு மாற்றினால் சுருதி அரைக் கட்டை நகரும். 15 விழுக்காடு குறைத்தால் ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும். இன்றைய மென்பொருளில் சுருதியை மாற்றாமலே வேகத்தைக் குறைக்க முடியும். என்றாலும், குரல் கனப்பதில்தான் இந்த வடிவத்தின் கவர்ச்சி இருக்கிறது என்பதால் வேண்டுமென்றே பழைய முறையைப் பின்பற்றுகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1990-களில் டிஜே ஸ்க்ரூ என்பவர் கேசட்டுகளில் செய்த வேலையின் தூரத்து வாரிசு இது. மூடுபனியில் மலைச்சாலையில் இறங்கும்போது கேட்கப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர். எனக்கு ஜானகியின் குரலை அப்படிக் கேட்க மனம் ஒப்பவில்லை.

ஒரு பதிவிலிருந்து குரலை மட்டும் தனியே எடுப்பது முன்பு ஏறத்தாழ இயலாத காரியம். கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து புளியைத் திரும்ப எடுப்பது போன்றது. ஸ்டுடியோவின் தனித்தனி டிராக்குகள் கையில் இருந்தவர்களே ஒழுங்கான ரீமிக்ஸ் செய்ய முடிந்தது. 2019-இல் டீசர் என்ற இணைய இசைச் சேவை நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. குரல், டிரம்ஸ், பேஸ் என்று ஒரு பாட்டை ஓரளவு பிரித்துத்தரும் செயலிகள் இன்று கைபேசியிலேயே இருக்கின்றன. வீட்டில் செய்த ரீமிக்ஸ்கள் திடீரென்று பெருகியதற்கும், மேஷப் எளிதானதற்கும் இதுவே காரணம்.

மேஷப்பில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு பாட்டின் பல்லவி முடிந்ததும் அடுத்த பாட்டின் பல்லவி, அது முடிந்ததும் மற்றொன்று என்று வரிசையாகப் போனால் அது மெட்லி; திருமண வரவேற்பு மேடைகளில் கச்சேரிக் குழுக்கள் நெடுநாளாகச் செய்துவருவது. மேஷப்பில் இரண்டு பாட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும், அல்லது ஒன்றின் குரல் மற்றொன்றின் இசைமேல் உட்கார வேண்டும். 2004-இல் டேஞ்சர் மவுஸ் என்பவர் ‘தி கிரே ஆல்பம்’ என்ற பெயரில் இதை ஒரு முழுத் தொகுப்பாகவே செய்துகாட்டினார். ராப் பாடகர் ஜே-ஸியின் குரலை, பீட்டில்ஸின் 1968-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகள்மேல் பொருத்தியிருந்தார். பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையாளரான ஈஎம்ஐ அதைத் தடுக்க முயன்றது; தடுக்க முயன்றதாலேயே அது மேலும் பரவியது.

பொருத்தம் என்பது மூன்று இடங்களில் பார்க்க வேண்டியது. வேகம் ஒத்துப்போக வேண்டும், சுருதி ஒத்துப்போக வேண்டும், இரண்டு மெட்டுகளும் பயன்படுத்தும் சுரங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேண்டும். மேற்கத்திய பாப் இசையில் இந்த மூன்றாவது பொருத்தத்தைக் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையை வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு ராகம் என்ற ஆயத்த வழி இருக்கிறது. கல்யாணி ராகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘அம்பிகாபதி’யின் (1957) ‘சிந்தனை செய் மனமே’, ‘திருவருட்செல்வ’ரின் (1967) ‘மன்னவன் வந்தானடி’, 1982-இல் வந்த ‘தாய் மூகாம்பிகை’யின் ‘ஜனனி ஜனனி’, அதே ஆண்டில் ‘புதுக்கவிதை’யின் ‘வெள்ளைப் புறா ஒன்று’. அரசவைப் பாட்டு, பக்திப் பாட்டு, காதல் பாட்டு என்று மனநிலையில் தூரத்தில் நிற்பவை, சுரத்தில் ஒரே குடும்பம். ‘ஜனனி ஜனனி’யின் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டே, அதே சுருதியில் ‘வெள்ளைப் புறா ஒன்று’க்கு நழுவிப் பாருங்கள். கருவி எதுவும் தேவையில்லை, தேநீர் வடிகட்டிக்கொண்டே செய்யலாம். நழுவும் அந்தக் கணத்தில் தடங்கல் இல்லாததை உணர்ந்தால் மேஷப்பின் முக்கால் பங்கு புரிந்துவிட்டது.

மீதிக் கால் பங்கு, பதிவுகளில் வரும் நடைமுறைச் சிக்கல். ராகம் ஒன்றாக இருந்தாலும் டி.எம். சௌந்தரராஜன் பாடிய சுருதியும் பி. சுசீலா பாடிய சுருதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒன்றை ஏற்றியோ இறக்கியோதான் சேர்க்க முடியும். இரண்டு கட்டைக்கு மேல் நகர்த்தினால் குரல் பொம்மைக் குரலாகத் தொனிக்கத் தொடங்கும். பழைய பதிவுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: நேரில் கூடி வாசித்த இசைக்குழு ஓர் இடத்தில் சற்று முந்தும், வேறோர் இடத்தில் பிந்தும். கணினியின் மாறாத் தாளத்தோடு அதைச் சேர்க்க வேண்டுமானால் அடிக்கு அடி இழுத்துப் பொருத்த வேண்டும். நன்றாகச் செய்த மேஷப் ஒன்றைக் கேட்கும்போது இந்த உழைப்பு காதுக்குத் தெரியாது. மோசமாகச் செய்ததில் தபேலாவும் டிரம்ஸும் இரண்டு குதிரைகள்போல வெவ்வேறு நடையில் ஓடுவது உடனே தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது? மூலத்திலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு இந்த மலையிலும் மலையடிவாரத்து மாவட்டங்களிலும் இருப்பவர்களுக்கு 100.5-இல் கொடைக்கானல் பண்பலை இருக்கிறது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இணையம் தடுமாறும் வேளையிலும் அது கேட்கும். வானொலியில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று அறிவிக்கும் பழக்கம் இருப்பதால், குறித்து வைத்துக்கொள்ளத் தேவையானதெல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிடும். பிறகு யூடியூபில் பாட்டின் முதல் சொற்களோடு படத்தின் பெயரையும் சேர்த்து, அதன் பக்கத்தில் கவர், வயலின், நாதஸ்வரம், அன்பிளக்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுத் தேடுங்கள். நாதஸ்வரத்தில் வாசித்த திரைப்பாடல்களைத் தவறவிடாதீர்கள். சொல் இல்லாமலே சொல் கேட்கும்.

ஷசாம் போன்ற செயலிகள் பதிவின் ஒலித்தடத்தை வைத்து அடையாளம் காண்பவை. கடையில் ஒலிக்கும் கவரை அதனிடம் கேட்டால் அந்தக் கவரின் பெயரைச் சொல்லலாம், அல்லது ஒன்றும் சொல்லாமல் போகலாம். மூலத்தைச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மெட்டு மட்டும் நினைவில் இருந்தால் கூகுளின் முணுமுணுத்துத் தேடும் வசதி ஓரளவு உதவும். எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டு எடுத்தாளப்பட்டது என்று பட்டியலிடும் ‘ஹூசாம்பிள்ட்’ என்ற இணையதளம் தமிழ்ப் பாட்டுகளுக்கும் எதிர்பாராத வாசல்களைத் திறக்கும். பிளாக் ஐட் பீஸ் குழுவின் ‘தி எலஃபங்க் தீம்’, ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்தின் இளையராஜா பாட்டிலிருந்து எடுத்த ஒலியின்மேல் நிற்கிறது. பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பாம்பூ பங்கா’வுக்குள் (2007) ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் படமாக்கிய, ‘உயிரே’வில் (1998) ‘தைய தையா’வாக நாம் கேட்ட பாட்டின் இந்தி வடிவம், 2006-இல் ‘இன்சைட் மேன்’ என்ற அமெரிக்கப் படத்தில் பஞ்சாபி எம்சி என்ற இசைக்கலைஞரின் ராப் சேர்ந்து ஒலித்தது.

குரலையே செயற்கை நுண்ணறிவால் உருவாக்குவது இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ‘லால் சலாம்’ (2024) படத்தின் ‘திமிரி எழுடா’வில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ரஹ்மான் இவ்வாறு பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டில் ‘வேட்டைய’னின் ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவன் குரல் வந்தது. அனுமதியோடு நடந்தவை இவை. இணையத்தில் இன்றைய பாட்டை மறைந்த பாடகர் ‘பாடியதாக’ உலவும் எண்ணற்ற துண்டுகளில் அந்த அனுமதி இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் வியப்பாக இருக்கும். இரண்டாம் முறை கேட்டால், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு இல்லாதது தெரியும். இதைக் கவர் என்று எண்ண எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் எந்தப் பாடகரும் அங்கே எந்த முடிவும் எடுக்கவில்லை.

கேட்டுக்கொண்டே இருப்பவர்களில் பலர் என்றைக்காவது தாமே ஒன்றைப் பாடிப் பதிவேற்றிப் பார்ப்பார்கள். அப்போது தொடக்கத்தில் சொன்ன அந்த இரு பொருள் வேறுபாடு சட்ட வடிவில் முன்னால் வந்து நிற்கும். ஆக்கத்தின் உரிமை ஒருவரிடமும், பதிவின் உரிமை வேறொருவரிடமும் இருக்கலாம். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பிலிருந்து 2024 மே மாதம் நோட்டீஸ் போனபோது, உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் அனுமதி பெற்றிருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதன் பின்னணி இதுதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவின்படி, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தால், முன்னறிவிப்புக் கொடுத்து உரிமத்தொகை செலுத்திக் கவர் வெளியிடலாம். ஆக்கத்தைத் தேவையின்றி மாற்றக் கூடாது. குறைந்தது 50,000 படிகளுக்கான தொகையைக் கணக்கிடச் சொல்லும் இந்தப் பிரிவு, வீட்டிலிருந்து பாடுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. நடைமுறையில் யூடியூபின் தானியங்கி முறை உங்கள் காணொளியில் உள்ள பாட்டை அடையாளம் கண்டால், விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளியே முடக்கப்படலாம். ரீமிக்ஸுக்கும் மேஷப்புக்கும் மேற்சொன்ன பிரிவு பொருந்தாது; அவற்றில் பதிவே எடுத்தாளப்படுவதால் உரிமையாளர் ஒவ்வொருவரின் அனுமதியும் வேண்டும்.

ஆக்கியவர் பெயர் இல்லாத பாட்டுகளில் இன்னும் கவனம் தேவை. நீலகிரிக்கு அடுத்த அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடிய பாட்டு அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. அது அவர் பெயரோடு வந்தது. இந்த மலைகளில் பளியர், கோத்தர், படுகர் பாடும் பாட்டுகளில் பல, யாரோ கைபேசியில் பதிந்து, அடியில் பீட் சேர்த்து, ‘மலைவாழ் மக்கள் பாட்டு’ என்று மட்டும் எழுதி உலவுகின்றன. பாடியவர் யார், எந்த ஊர், எந்தச் சடங்கில் பாடுவது என்று கேட்டு எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சடங்குக்கு வெளியே பாடக் கூடாத பாட்டு என்று அவர்கள் சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான்.

திரைப்பாடலுக்குக் கவர் செய்பவர்கள் விளக்கக் குறிப்பில் படம், ஆண்டு, இசை, வரிகள், மூலப் பாடகர் ஆகிய விவரங்களைத் தவறாமல் எழுத வேண்டும். பின்னணிக்கு இணையத்தில் கிடைக்கும் கரோக்கே டிராக்கைப் போட்டுப் பாடுபவர்கள், அந்த டிராக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் செய்த தனிப் பதிவு என்பதை மறந்துவிடுகிறார்கள். பாட்டின் உரிமை எப்படியிருந்தாலும், டிராக்கைச் செய்தவரின் அனுமதி வேறாக வேண்டும். கிட்டார் தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்களுக்கு எட்டும் கட்டையில் வாசிக்கச் சொல்லிப் பாடினால் அந்தச் சிக்கல் இல்லை; சுருதியும் உங்கள் குரலுக்கு ஏற்றதாகவே அமைந்துவிடும்.